வண்டி யார் பேரில் இருக்கிறது?

(இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதித் தமிழர்களுக்காக நம் சங்கம் நடத்திய சட்ட உதவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். – ஆசிரியர்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஜாதிச் சான்றிதழைப் பற்றிப் பேசினார். அவருக்கு முன்னால் பேசியவர் லயத்து வீடுகளைப் பற்றிப் பேசினார். இரண்டும் பெரிய விஷயங்கள். அதற்குப் பிறகு நான் எழுந்து ஜீப்பைப் பற்றியும் டெம்போவைப் பற்றியும் பேசப் போகிறேன் என்று தலைவர் அறிவித்தவுடன், பின்வரிசையில் ஒரு பெரியவர் "வண்டி வச்சிருக்கிறவனுக்குச் சங்கம் எதுக்கு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

நம் ஆட்களில் வண்டி வைத்திருப்பவர்கள் யார்? முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய தாய் ஓய்வு பெறும்போது வந்த கிராஜுவிட்டிப் பணம், மருமகளின் தாலிக்கொடியை அடகு வைத்த பணம், இரண்டையும் சேர்த்து ஒரு பழைய ஜீப் வாங்குகிறார்கள். நமக்கு நிலம் இல்லை. குடியிருக்கிற லயம் கம்பெனியுடையது. வேலைக்குப் போக வீட்டில் ஆள் இல்லை என்றால் அதையும் காலி செய்ய வேண்டும். நாலு சக்கரத்தின் மேல் நிற்கிற அந்த இரும்பு ஒன்றுதான் நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது. அதுவும் நம் பேரில் இல்லை என்றால்? ஐயா, அதற்காகத்தான் சங்கம்.

எல்லையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் பாலக்காடு மலபார் ஜில்லாவில் இருந்தது. மலபார் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. கோயமுத்தூர் லாரி வாளையாரைத் தாண்டுவது ஒரு ஜில்லாவிலிருந்து அடுத்த ஜில்லாவுக்குப் போவதுதான். சித்தூர் கொச்சி ராஜ்யத்திலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று நடந்த கிளர்ச்சியை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வாதத்துக்குள் நான் இன்றைக்குப் போகவில்லை. காலையில் போடியிலிருந்து மேலே ஏறி, ஏலத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் கீழே இறங்குகிற அம்மாவிடம் எல்லையில் யாரும் காகிதம் கேட்பதில்லை. அவர் ஏறி வந்த ஜீப்பிடம் கேட்கிறார்கள். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. பழைய மாநிலத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், இந்த மாநிலத்து வரி கட்ட வேண்டும். நம்மில் எத்தனை பேர் கட்டியிருக்கிறோம்? இடுக்கி மலையில் பத்து வருஷமாக ஓடுகிற டி.என்.60 ஜீப்பும், சித்தூர் தாலுகாவில் ஓடுகிற டி.என்.41 டெம்போவும் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டாம். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இனி ஒரு நடந்த சங்கதியைச் சொல்லுகிறேன். ஆள் பெயர், ஊர்ப் பெயர், ஆபீஸ் பெயர் எதுவும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர் இந்தக் கூட்டத்திலேயே எங்கேயாவது உட்கார்ந்திருக்கலாம்.

உடும்பன்சோலைத் தாலுகாவில் ஏலத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன். உத்தமபாளையம் பக்கத்தில் ஒருவரிடம் பழைய ஜீப் வாங்கினார். ஒன்றரை லட்சம், ரொக்கம். ரசீது கிடையாது. ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தார்கள். பெயர் மாற்றுவதற்கான 29, 30ஆம் நம்பர் பாரங்களில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். ஆர்.சி.யின் அடியில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "லோன் முடிஞ்சிருச்சு தம்பி, என்.ஓ.சி. வாங்கறதுதான் பாக்கி, அடுத்த வாரம் வாங்கித் தாரேன்" என்றாராம். அந்த அடுத்த வாரம் நாலு வருஷம் வரவில்லை.

இவரும் விட்டுவிட்டார். வண்டி ஓடியது, வயிறு நிறைந்தது. சொந்த உபயோகம் என்று பதிவான வண்டியில் ஆள் ஏற்றினார். அது தப்பு என்று அவருக்கும் தெரியும். வருஷா வருஷம் இன்ஷூரன்ஸைப் பழைய முதலாளி பேரிலேயே புதுப்பித்தார்.

சபரிமலை சீசன். மலைச்சாலை வளைவு ஒன்றில் இரவு ஆக்ஸில் உடைந்து வண்டி நின்றது. ஓரமாகத் தள்ளி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சாமான் வாங்க விடியற்காலைப் பஸ்ஸில் கம்பத்துக்கு இறங்கினார். கம்பத்தில் கிடைக்கவில்லை, தேனிக்குப் போனார். திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கல் இருந்தது, வண்டி இல்லை. ஐயப்ப பக்தர்களின் பஸ்கள் வளைவில் திரும்ப முடியவில்லை என்று போலீசார் ரெக்கவரி வண்டி வைத்து இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதற்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பொது இடத்தில் 10 மணி நேரம் ஆள் இல்லாமல் கிடக்கிற வண்டியை அப்புறப்படுத்தலாம், போக்குவரத்துக்கு ஆபத்து என்றால் உடனேயே அப்புறப்படுத்தலாம், இழுத்த கூலியை உடைமையாளர் தலையில் கட்டலாம் என்று 127ஆம் பிரிவு சொல்லுகிறது. இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அபராதத்தையும் இழுவைக் கூலியையும் கட்டிவிட்டு மறுநாள் ஓட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டிய சமாசாரம்.

ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. கேட்டது ஒரே கேள்வி: "வண்டி ஆரோட பேரிலாணு?" ஆர்.சி.யைக் காட்டினார். "ஓனரெக் கூட்டிட்டு வா" என்று தமிழிலேயே சொன்னாராம். இன்ஷூரன்ஸைப் பார்த்தார்கள், முடிந்து 11 நாள் ஆகியிருந்தது. அந்த எஸ்.ஐ. கெட்டவர் அல்ல. யாரோ ஒருவன் யாரோ ஒருவர் பேரிலுள்ள வண்டியைக் கேட்டால், நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

பழைய முதலாளிக்குப் போன் போட்டார். நம்பர் உபயோகத்தில் இல்லை. நேரில் போனார். வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தால் சுவரில் மாலை போட்ட படம். இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தோழர்களே, இங்கேதான் முடிச்சு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் இருப்பவர் உயிரோடு இல்லை. கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் அடியில் அப்படியே இருக்கிறது. விசாரித்தால் அந்தச் சின்னக் கம்பெனி மூடிப்போய், அதன் கடன் கணக்குகளை வேறொரு பெரிய கம்பெனி வாங்கியிருக்கிறது. பணம் கொடுத்து வாங்கி, நாலு வருஷம் டயர் மாற்றி, ஆயில் ஊற்றி, ஓட்டியவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. 'உடைமையாளர்' என்றால் யார் என்பதற்குச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் விளக்கம் இருக்கிறது. யார் பேரில் பதிவோ அவர். கடன் ஒப்பந்தம் உள்ள வண்டி என்றால், அந்த ஒப்பந்தப்படி வண்டியை வைத்திருப்பவர். ஒப்பந்தத்தில் இருந்தவர் படத்தில் இருக்கிறார். வண்டியை வைத்திருந்தவர் ஒப்பந்தத்தில் இல்லை!

ஒரு வக்கீல் நண்பர் சொன்னார்: 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விலை கொடுத்துப் பொருளைக் கைமாற்றிக்கொண்டாலே விற்பனை முடிந்துவிடும், ஆர்.சி. என்பது கிரயப் பத்திரம் அல்ல என்று. வாஸ்தவம். ஆனால் விலை கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே? ஒரு இருபது ரூபாய்ப் பத்திரத் தாளில் நாலு வரி, இரண்டு சாட்சி இருந்தால் அந்த வாதத்தைப் பேசலாம். வெறும் பாரத்தில் ஒரு கையெழுத்து, அதுவும் இறந்தவர் கையெழுத்து. அதை நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு புரோக்கர் யோசனை சொல்லியிருக்கிறார். செத்தவர் நேற்றுக் கையெழுத்துப் போட்டதாகத் தேதி எழுதினால் அது போர்ஜரி. ஜீப்போடு ஆளும் உள்ளே போயிருப்பார்.

அந்த வீட்டு அம்மாவின் பக்கத்தையும் கேளுங்கள். இவரைக் கண்டதும் அவர் அழவில்லை, கோபப்பட்டார். அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் போட்டார். கேரளத்திலிருந்து வந்த இ-செலான்கள். அதிக ஆள் ஏற்றியதற்கும் மற்றதற்கும். கூடவே ஃபைனான்ஸ் கம்பெனியின் கடிதங்கள். "எங்க வீட்டுக்காரரு வண்டிய வித்ததே எனக்குத் தெரியாது. யாரோ வாங்கிட்டு ஓட்டிட்டுப் போயிட்டாங்கன்னுதான் நெனச்சேன். வாரம் ஒருத்தன் வந்து வாசல்ல நிக்கிறான், வயசுப் பொண்ணுக ரெண்டு இருக்கு" என்றார். இவர் அந்தக் குடும்பம் தன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனார். அந்த அம்மா இவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே காகிதத்தால் அடிபட்டவர்கள்.

இவர் நம்மிடம் வரும்போது இரண்டு மாதம் ஓடிவிட்டது. யாரும் உரிமை கோராத வண்டி என்று போலீசார் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்பியிருந்தார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 503ஆம் பிரிவு, பழையதில் 457. உரியவர் தெரியவில்லை என்றால் கோர்ட்டார் அறிவிப்புப் போடுவார்கள். 6 மாதத்துக்குள் வந்து உரிமையை நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் பொருள் சர்க்கார் வசம், ஏலத்துக்குப் போகலாம். இது போதாது என்று, வண்டி ஸ்டேஷனில் கிடக்கிற விஷயம் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் எட்டி, வண்டியை எங்களிடம் தாருங்கள் என்று அவர்களும் ஒரு மனுப் போட்டுவிட்டார்கள்.

எங்கே ஆரம்பிப்பது? நம்மவர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். கடன் பதிவு உள்ள வண்டியில், கடன் கொடுத்தவரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. அது 51ஆம் பிரிவு. ஆகவே முதல் வாசல் கம்பெனிதான். அவர்கள் கணக்கில் மூன்று தவணை பாக்கி. மூன்றே மூன்று. அதற்கு மேல் அபராத வட்டி, வட்டிக்கு வட்டி, ஆள் வந்து போன செலவு என்று 68 ஆயிரம் ரூபாய் எழுதியிருந்தார்கள். அபராதம் என்பதை வட்டியாகப் போடக் கூடாது, அதை அசலோடு சேர்த்து மேலும் வட்டி ஏற்றக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு அந்த அம்மா பேரில் ஒரு கடிதம் எழுதினோம். கடன் வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற 2022 ஆகஸ்ட் உத்தரவையும் எழுதினோம். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனுக்குப் போவோம் என்றும் எழுதினோம். சண்டை போடவில்லை, கடிதம்தான் எழுதினோம். 24 ஆயிரத்துக்கு முடிந்தது. நம்மவர் கட்டினார், ரசீது அந்த அம்மா பேரில் வாங்கினோம். கடன் தீர்ந்ததற்கான 35ஆம் நம்பர் பாரத்தோடு, பழைய கம்பெனியின் கணக்கு இவர்களுக்கு வந்ததற்கான கடிதத்தையும் கேட்டு வாங்கினோம். அது இல்லாவிட்டால், ஆர்.சி.யில் ஒரு பெயர், பாரத்தில் வேறு பெயர் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அடுத்தது வாரிசு. தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று வாங்க வேண்டும். உடைமையாளர் இறந்தால் 30 நாளில் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் 31ஆம் நம்பர் பாரத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. அந்த அம்மாவுக்கு வண்டியே தெரியாது, விதி எப்படித் தெரியும்? தாமதத்துக்கு அபராதம் கட்டியாயிற்று.

இங்கே ஒரு விஷயம். வாரிசுச் சான்று கைக்கு வந்த அன்றைக்கு அந்த ஜீப் சட்டப்படி அந்த அம்மாவுடையது. கடனும் தீர்ந்துவிட்டது. "என் புருஷன் வண்டி, எனக்கு வேணும்" என்று அவர் சொல்லியிருந்தால் நம்மவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு கிடையாது. உறவுக்காரர்கள் அப்படிச் சொல்லச் சொல்லித் தூண்டியிருக்கிறார்கள். விற்றால் எண்பதாயிரமாவது தேறும், இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கின்றன என்றார்கள். நம்மவர் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா உத்தமபாளையத்தில் பஸ் ஏறி, லோயர் கேம்ப் மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டே, குமுளி வந்து இறங்கினார். கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் நம்மவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, காசு எங்க வீட்டுக்காரரு வாங்கிட்டாரு, அது எனக்குத் தெரியாமப் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அவரு பேர மட்டும் அதுல இருந்து எடுத்துருங்க. செத்தவுக பேருக்குக் கடுதாசி வந்துக்கிட்டே இருக்கு."

பத்திரம் எழுதிக் கொடுத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வண்டியை அவர் பேரில் விடுவித்தோம். இந்த மாதிரிச் சமயத்தில் உங்கள் வக்கீலிடம் நினைவுபடுத்த வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு, சுப்ரீம் கோர்ட், 2002. பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் நாட்கணக்கில் போட்டு வைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, போட்டோ எடுத்துக்கொண்டு, தக்க ஜாமீன் வாங்கிக்கொண்டு சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் எல்லை ஸ்டேஷன்களின் முன்னால் செடி முளைத்துக் கிடக்கிற வண்டிகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். புதிய சட்டத்தில் 497ஆம் பிரிவிலேயே, கோர்ட்டுக்கு வந்த பொருளுக்கு 14 நாளில் பட்டியல் எழுதி, போட்டோ எடுத்து, அதிலிருந்து 30 நாளில் முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியிருப்பது நல்லதுதான், எடுத்துக் காட்ட ஆள் வேண்டும்.

பிறகு வண்டியை அந்த அம்மா பேருக்கு மாற்றி, அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, நம்மவர் பேருக்கு மாற்றி, கேரள நம்பர் போட்டாயிற்று. ஸ்டேஷனில் வண்டி கிடந்தது ஐந்து மாதத்துக்கு ஒரு வாரம் குறைவு. எடுக்கும்போது பேட்டரி இல்லை, படுதா கிழிந்திருந்தது, வயரிங் முழுக்க எலி கடித்திருந்தது. முதல் நாளே மகஸர் காப்பியைக் கேட்டு வாங்கியிருந்தால் பேட்டரி இருந்ததா இல்லையா என்று கேட்கலாம். வாங்கவில்லை, கேட்கவில்லை. மொத்தச் செலவை நான் இங்கே சொல்ல மாட்டேன். அவர் கூட்டத்தில் இருந்தால் மறுபடியும் கூட்டிப் பார்ப்பார்.

பாலக்காட்டுத் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பக்கத்துக் கதை வேறு ரகம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் இந்தப் பாதைகளில் ஓடுகிற குட்டியானைகளில் பலவற்றுக்குக் கடன் கொடுத்தது பொள்ளாச்சியிலும் கோயமுத்தூரிலும் உள்ள கம்பெனிகள். இரண்டு தவணை தவறினால் இரவில் இரண்டு பைக், ஒரு கார். சாவியைப் பிடுங்கி, கால் மணி நேரத்தில் எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் "வண்டி அந்தப் பக்கம் இருக்கிறது" என்பார்கள். அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் "சம்பவம் இந்தப் பக்கம் நடந்தது" என்பார்கள். இப்போது 173ஆம் பிரிவு, எந்த இடத்தில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கம்பெனிக்கு வண்டியை எடுக்கவே உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்றக் கூடாது. தவணை தவறினால் ஒப்பந்தப்படி திரும்ப எடுக்கலாம் என்றுதான் சுப்ரீம் கோர்ட் 2020லும் சொல்லியிருக்கிறது. அடியாள் வைத்து, மிரட்டி, நடுரோட்டில் பிடுங்கக் கூடாது. இது 2007லும் 2011லும் அதே கோர்ட் சொன்னது. திரும்ப எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எப்படி எடுப்பார்கள், விற்பதற்கு முன் கடன்காரருக்குக் கடைசி வாய்ப்பு எப்படி, இவையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் கடிதம் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. நம்மில் எத்தனை பேருக்குத் தமிழில் கொடுத்தார்கள்? கேட்டால்தானே கொடுப்பார்கள்? ஐம்பது பக்கம் இங்கிலீஷில் ஐம்பது கையெழுத்துப் போட்டுவிட்டு, டிரைவர் சீட்டில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம்.

மொழி என்று வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களிலுள்ள ஆபீசுகளுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. நம் சொந்தச் சட்டத்தை நாமே உபயோகப்படுத்துவதில்லை.

இன்னொரு கெட்ட பழக்கம். கம்பெனியிலிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தால் பயந்துபோய் 'வாங்க மறுத்தார்' என்று திருப்பி அனுப்புகிறோம். வண்டியைத் திரும்ப எடுத்த கம்பெனி, ஆர்.சி.யை நாம் தராவிட்டால், நமக்கு நோட்டீஸ் அனுப்பச் செய்து, தன் பேரிலேயே புது ஆர்.சி. வாங்க 51ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதுதான் நமக்குக் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம். அதைத்தான் தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறோம். ஆர்.சி.யில் பழைய லயத்து விலாசம் இருந்தால் தபால் நம்மிடம் வருவதே இல்லை. விலாசத்தை மாற்றுங்கள்.

சாராய விஷயத்தையும் தொடாமல் விட முடியாது. சித்தூர் பக்கம் ஸ்பிரிட்டோடு பிடிபடுகிற வண்டிகளை அப்காரிச் சட்டப்படி பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. உடைமையாளர் தனக்குத் தெரியாமல் நடந்தது, தான் தக்க ஜாக்கிரதையோடு இருந்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். நோட்டீஸ் போவது யாருக்கு? ஆர்.சி.யில் உள்ளவருக்கு. அவர் நாலு கைக்கு முன்னாலேயே விற்றவர். வந்து ஏன் நிரூபிக்கப் போகிறார்? போதைப்பொருள் வழக்குகளிலும் வண்டியை இடைக்காலமாக விடலாம் என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அஸ்ஸாமில் கடனில் வாங்கிய ஒரு லாரி. அதில் ஏறி வந்த ஆளிடம் ஹெராயின். லாரிக்காரருக்கு அந்த லாரிதான் பிழைப்பு. விட்டார்கள். ஆனால் தோழர்களே, அந்த லாரி அவர் பேரில் இருந்தது. அதனால்தான் அவரால் கேட்க முடிந்தது.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. நீங்கள் வண்டி வைத்திருக்கவில்லை, ஏறிப் போகிறீர்கள். எட்டுப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேர். நல்ல நாளில் யார் பேரில் வண்டி என்று யாரும் கேட்பதில்லை. போடி மலையில் உருண்ட அன்றைக்குக் கேட்பார்கள். பல கை மாறிய வண்டியானாலும் நஷ்டஈட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பதிவில் உள்ள உடைமையாளர்தான் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் இருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் உங்கள் வீட்டுக்குத்தான் சம்மன் வரும். விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாள். வாங்கியவர் 30 நாள். பதிவில் உள்ளவர் இறந்துபோய், சொந்த உபயோக இன்ஷூரன்ஸில் கூலிக்கு ஆள் ஏற்றிய ஜீப்பாக இருந்தால், காயம்பட்ட அம்மா யாரிடம் போய் நிற்பது? தோட்டத்துக்காரர் ஜீப்பைக் காட்டுவார், ஜீப்காரர் பழைய முதலாளியைக் காட்டுவார், இன்ஷூரன்ஸ்காரர் பாலிசியைக் காட்டுவார். ஏறுவதற்கு முன்னால், "தம்பி, வண்டி ஓம் பேர்லதான் இருக்கா? இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கோபித்துக்கொண்டால் நம் சங்கத்தில் வந்து சொல்லுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூட்டம் முடிந்ததும் நான் பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பேன். வண்டி உள்ளவர்கள் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு வாருங்கள். அடியில் கம்பெனி பெயர் இருந்து, கடன் கட்டி முடித்தவர்கள் ரசீதையும் கொண்டு வாருங்கள். கடன் தீர்ந்த 30 நாளில் காகிதங்களைத் திருப்பித் தந்து பதிவை நீக்க வேண்டும், அவர்கள் பக்கத்துத் தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு என்ற விதி 2023 டிசம்பர் முதல் இருக்கிறது. அதற்கு ஒரு மாதிரிக் கடிதம் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்ட வெறும் பாரத்தைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வாருங்கள், வெட்கப்பட வேண்டாம். கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் போன் போட்டுக் கேட்டுவிடுவோம். இருந்தால், நாளைக்குக் காலைப் பஸ்ஸிலேயே போய்வரலாம்.